பெல்லுக்குச் சுத்தியல், பிஸ்டனுக்கு எந்திரம்

ட்ரம்பெட்டின் அகன்ற வாய்ப்பகுதியை வாசிப்பவர்கள் பெல் என்பார்கள். அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அது பிறந்த விதம் பெரும்பாலும் தெரிந்துவிடும். பித்தளையின் மேல் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு ஓடினால், அது ஒரே தகட்டை மடித்து, விளிம்புகளைப் பற்றவைத்து, சுத்தியலால் தட்டி உருவாக்கிய பெல். கழுத்தைச் சுற்றி வளையம்போல ஒரு கோடு தெரிந்தால், தண்டுப் பகுதியைக் குழாயிலிருந்தும் விரிந்த பகுதியை வட்டத் தகட்டிலிருந்தும் தனித்தனியாகச் செய்து ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளி முலாம் பூசிய கருவியில் இந்தத் தடயம் மறைந்திருக்கும். வெறும் மெருகெண்ணெய் பூச்சு என்றால் பழகிய கண்ணுக்குப் பட்டுவிடும்.

இந்தக் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது விலையையும் சொல்லும். யமஹாவின் மாணவர் ரகமான 2330 ட்ரம்பெட்டில் இருப்பது இரண்டு துண்டு பெல். அதே நிறுவனத்தின் ஜீனோ வரிசையில் இருப்பது ஒரே தகட்டில் கையால் தட்டிய பெல். இரண்டுக்கும் விலை பல மடங்கு வேறுபடும். இந்த வேறுபாட்டில் எவ்வளவு உண்மையில் ஒலிக்காகக் கொடுப்பது, எவ்வளவு நம்பிக்கைக்காகக் கொடுப்பது என்று இசைக்கலைஞர்களும் ஒலியியல் அறிஞர்களும் பல பத்தாண்டுகளாக வாதாடி வருகிறார்கள். அந்த வாதத்தில் ஒரு தரப்பை முழுதாக எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் பித்தளைக் கருவி என்பது ஒரே பொருள் கிடையாது. அதன் ஒரு பாகத்துக்குக் கை தரும் நன்மையை இன்னொரு பாகத்துக்குக் கையால் தரவே முடியாது. பாகம் பாகமாகப் பிரித்துப் பார்க்காதவரை இந்த வழக்குக்குத் தீர்ப்பு இல்லை.

முதலில் பெல். ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகடு, சுமார் அரை மில்லிமீட்டர் கனம். அதை ஒரு வார்ப்புருவை வைத்து, விசிறி மடிப்புபோல் ஒரு முனை குறுகி மறுமுனை விரிந்த வடிவில் வெட்டுகிறார்கள். மடித்து, இரு விளிம்பையும் சேர்த்து, அதிக வெப்பத்தில் உருகும் பற்றால் இணைக்கிறார்கள். பற்றுப் பிடித்த இடம் தடித்திருக்கும். அதைத் தட்டித் தட்டி மற்ற இடத்தின் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். தட்டத் தட்டப் பித்தளை இறுகும். இறுகியதை மேலும் தட்டினால் வெடிக்கும். எனவே நெருப்பில் காட்டி இளக்கி, ஆறவிட்டு, மறுபடி எஃகு அச்சில் மாட்டித் தட்டுகிறார்கள். இளக்கிய பித்தளை அடி வாங்கும்போது மந்தமாக ஒலிக்கும். இறுக இறுக ஓசை கூர்மையாகும். அனுபவப்பட்ட தொழிலாளி அந்த ஓசையைக் கேட்டே எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிறார். கடைசியில் லேத்தில் சுழலவிட்டு, நீண்ட கைப்பிடியுள்ள கருவியால் அழுத்தி அச்சோடு ஒட்டவைக்கிறார்கள். விளிம்பைச் சுருட்டி உள்ளே ஒரு கம்பி வைக்கிறார்கள். அந்தக் கம்பியைப் பற்றவைத்து அசையாமல் செய்வதா, வெறுமனே சுருட்டி விடுவதா என்பதில்கூடப் பட்டறைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பற்றவைத்த விளிம்புள்ள கருவி ஊதுபவருக்கு வேறு மாதிரி பேசுகிறது என்பார்கள்.

லேத் வந்த இடத்திலேயே ‘கைவேலை’ என்ற எல்லைக்கோடு மங்கிவிடுகிறது. சுழற்றுவது மின்மோட்டார். அழுத்தத்தின் அளவைத் தீர்மானிப்பது மனிதத் தோள். அச்சோ வடிவத்தை ஏற்கெனவே தீர்மானித்துவிட்ட எஃகு. பாரிஸில் குஸ்தாவ் பெஸ்ஸோனின் பட்டறை 1850களில் கொண்டுவந்த புரோட்டோடைப் முறையின் சாரமே இதுதான். கருவியின் உட்குழியை அப்படியே பிரதியெடுத்த கூம்பு வடிவ எஃகு அச்சுக்கோல்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழாயையும் அவற்றின்மேல் உருவாக்கினார்கள். ஒரு நல்ல கருவி தற்செயலாக அமைந்தால் அடுத்ததும் அதேபோல அமையும் என்ற உறுதி அப்போதுதான் கிடைத்தது. அதற்கு முன் ஒரே பட்டறையின் இரண்டு கார்னெட்டுகள் சகோதரர்களாக இருக்கலாம், இரட்டையராக இருக்க முடியாது. பிற்காலத்து அமெரிக்க ட்ரம்பெட்டுகளில் பலவற்றுக்கு முன்மாதிரி இந்தப் பிரெஞ்சு பெஸ்ஸோன்தான். பெஸ்ஸோனின் ட்ரம்பெட்டைக் கைவேலையின் உச்சம் என்று போற்றுபவர்கள், அதன் புகழுக்கு அச்சுக்கோலும் பாதிப் பங்காளி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது வால்வு. இங்கே தயக்கத்துக்கு இடமே இல்லை, எந்திரம்தான் வெல்கிறது.

ஹைன்ரிஷ் ஷ்டோல்ட்ஸெல் 1814இல் வால்வு பொருத்திய ஹார்னை அறிமுகப்படுத்தினார். 1818இல் அவரும் ஃபிரீட்ரிஷ் ப்ளூமலும் சேர்ந்து காப்புரிமை பெற்றார்கள். இன்றைக்கு ட்ரம்பெட்டில் விரல் அழுத்தும் பிஸ்டன், 1839இல் பாரிஸில் ஃபிரான்சுவா பெரினே கண்ட வடிவத்தின் வழித்தோன்றல். உருளையான உறைக்குள் உருளையான பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அழுத்தும்போது காற்று கூடுதல் குழாய் வழியாகச் சுற்றிப் போகிறது, சுருதி இறங்குகிறது. இவ்வளவுதான் தத்துவம். ஆனால் பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். அதைவிடக் கூடினால் காற்று கசியும், உயர்ந்த சுரங்கள் நிலைக்காது. குறைந்தால் பிஸ்டன் சிக்கும். வேகமான வரிசையை வாசிக்கும் நடுவில் ஒரு பிஸ்டன் பாதியில் நின்றுவிட்டால் அந்த நிகழ்ச்சியே போயிற்று. இந்த அளவுத் துல்லியம் கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாதது. கடைசல் எந்திரமும் உட்புறத்தைத் தேய்த்துச் சமன் செய்யும் ஹோனிங் எந்திரமும் இல்லாமல் கிடைக்காது. கடைசியாக மெல்லிய தேய்ப்புப் பசை போட்டு ஒவ்வொரு பிஸ்டனையும் அதற்கென்ற உறையோடு கையால் ஓட்டிப் பொருத்துவது உண்டு. அது எந்திரம் ஏறக்குறைய முடித்த வேலைக்குக் கை போடும் கையெழுத்து மட்டுமே.

மாணவருக்கு வாங்கிக்கொடுக்கும் முதல் கருவியில் வால்வு ஒழுங்காக இருந்தால் போதும், பெல் எப்படிச் செய்யப்பட்டது என்பது இரண்டாம் பட்சம். பெல்லின் நுட்ப வேறுபாட்டை வெளிக்கொணரும் அளவுக்குப் பத்து வயதுப் பிள்ளையின் உதடு இன்னும் பழகியிருக்காது. ஆனால் கசியும் வால்வோடு மூன்று மாதம் மல்லுக்கட்டினால், குற்றம் தன்னுடையது என்றே அந்தப் பிள்ளை நம்பிவிடும். பல பிள்ளைகள் ட்ரம்பெட்டைக் கைவிடுவது இங்கேதான். இந்த வகையில், எந்திரத்தில் செய்த மலிவான மாணவர் கருவிகள் இசைக்குச் செய்திருக்கும் நன்மையைக் கைவேலையின் பேரில் குறைத்துப் பேசுவது நியாயமாகாது.

சரி, பெல்லையே எடுத்துக்கொள்வோம். அங்கும் கை உண்மையிலேயே ஒலியை மாற்றுகிறதா? லண்டனின் பூசி அண்ட் ஹாக்ஸ் நிறுவனத்தில் ஒலியியலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்மித் 1980களில் இதைச் சோதித்தார். வெவ்வேறு கனமுள்ள பெல்களைத் தேர்ந்த ட்ராம்போன் கலைஞர்களிடம் கொடுத்து, எது எதுவென்று தெரியாத நிலையில் வாசிக்கச் சொன்னார். தெரிந்து வாசிக்கும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் சொல்வார்கள். தெரியாமல் வாசித்தபோது அவர்களால் இனங்காண முடியவில்லை. கருவியின் குரலைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் காற்றுத்தம்பத்தின் வடிவமே தவிர உலோகச் சுவர் அன்று என்பது அவர் முடிவு. பல பட்டறைகளின் விளம்பர வாசகங்களை இந்த முடிவு ஆட்டங்காண வைத்தது.

விவாதம் அதோடு முடியவில்லை. அமெரிக்காவின் ராலின்ஸ் கல்லூரி இயற்பியலாளர் தாமஸ் மூர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ட்ரம்பெட் பெல்லின் அதிர்வை மணல் பைகளால் அடக்கிப் பார்த்தார்கள். பெல் சுதந்திரமாக அதிரும்போது எழும் ஒலியும் அடக்கிய பெல்லின் ஒலியும் வேறுபட்டன. வேறுபாடு சிறியது, ஆனால் அளக்கக்கூடியது. சுவர் முற்றிலும் ஊமை இல்லை என்பது நிலைநாட்டப்பட்டது.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு நிதானமான முடிவுக்கு வரலாம். உட்குழியின் வடிவம் முதன்மை. அதில் சிறிது பிசகினாலும் ஏதாவது ஒரு சுரம் சுருதி தவறக்கூடும். சுவரின் கனமும் இறுக்கமும் அதற்கு அடுத்தபடி, வெகு தூரம் தள்ளி. அரங்கின் பின்வரிசையில் இருப்பவருக்கு அது கேட்காமல் போகலாம். உதட்டிலும் பல்லிலும் விரலிலும் அதிர்வை உணரும் வாசிப்பவருக்கு அது எட்டுகிறது. அவர் அதற்கேற்பத் தன் காற்றையும் உதட்டையும் மாற்றுகிறார், அதனால் கேட்பவருக்கும் ஏதோ ஒன்று மாறிப் போய்ச் சேர்கிறது. கையால் தட்டிய பெல்லின் மதிப்பு இந்த வட்டத்துக்குள் இருக்கிறது. அது பொய் இல்லை. விலைச்சீட்டு சொல்லும் அளவுக்குப் பெரியதும் இல்லை.

கைக்கு முழு வெற்றி கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அது வால்வே இல்லாத பழைய ட்ரம்பெட். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்கே ட்ரம்பெட் செய்து அனுப்பிய ஊர் ஜெர்மனியின் நியூரம்பெர்க். ஹாஸ், ஏஹே, ஹைன்லைன் போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இத்தொழிலைச் செய்தன. யோஹான் வில்ஹெல்ம் ஹாஸ் செய்த கருவிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்தக் கருவியில் குழாய்கூடத் தட்டையான தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்ததுதான். நேர்க்குழாய், வளைவு, பெல் ஆகியவற்றை ஒன்றோடொன்று நிரந்தரமாகப் பற்றவைப்பதில்லை. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, தேன்மெழுகால் அடைத்து, நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கயிற்றால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அவிழ்த்தால் முழுக் கருவியும் துண்டு துண்டாகக் கையில் வந்துவிடும்.

இந்தக் கருவியில் இயற்கையான மேற்சுரங்கள் மட்டுமே கிடைக்கும். அவற்றில் பதினொன்றாவதும் பதின்மூன்றாவதும் மேற்கத்திய சுர வரிசைக்குப் பொருந்தாமல் இடறும். இசையமைப்பாளர் பாஹ் காலத்துக் கலைஞர்கள் அவற்றை உதட்டாலேயே வளைத்துச் சுருதிக்குக் கொண்டுவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்த இசையை மீட்டெடுக்க முனைந்தவர்கள், தொழிற்சாலையில் இழுத்த வழுவழுப்பான குழாயை எடுத்துக் கருவி செய்து பார்த்தார்கள். சுரங்கள் வளைய மறுத்தன. அதற்கு மாற்றாக 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் குழாயில் சிறு துளைகள் இட்டார்கள். விரலால் திறந்து மூடினால் இடறும் சுரங்கள் நேராகும். இன்றைக்கும் அந்தக் காலத்து பரோக் இசையை வாசிக்கும் குழுக்களில் பெரும்பாலும் ஒலிப்பது இந்தத் துளையிட்ட கருவியே.

கனடாவின் கலைப்பொருள் பராமரிப்பு நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் பார்க்ளே இந்தச் சமரசத்தை விடாமல் கேள்வி கேட்டவர். நியூரம்பெர்க் முறையை ஆராய்ந்து 1992இல் நூல் வெளியிட்டார். பிறகு ரிச்சர்ட் செராஃபினாஃப் போன்றவர்களோடு சேர்ந்து பயிலரங்குகள் நடத்தினார். கலந்துகொள்பவர்கள் ஒரு பித்தளைத் தகட்டிலிருந்து தொடங்கி, ஒரு வாரத்துக்குள் தங்கள் கையால் ஒரு ட்ரம்பெட் செய்து எடுத்துப் போவார்கள். கையால் சுருட்டிய குழாயின் உட்புறத்தில் மேடும் பள்ளமுமாகச் சிறு ஒழுங்கின்மைகள் இருக்கும். அந்த ஒழுங்கின்மையே சுரத்தைச் சற்று நெகிழவைத்து, உதட்டால் வளைக்க இடம் கொடுக்கிறது என்பது இந்தத் தரப்பின் வாதம். பிரான்ஸின் ழான்-ஃபிரான்சுவா மதுஃப் போன்ற கலைஞர்கள் துளையில்லாக் கருவியில் வாசித்துக் காட்டுவதைக் கேட்டால் இந்த வாதத்தைத் தள்ளிவிட மனம் வராது. எந்திரக் குழாயின் மேன்மை என்று கருதப்படும் ஒரே சீரான தன்மை, இந்த ஒரு கருவியில் குறையாகிவிடுகிறது.

நம் பக்கத்துக் கொம்பையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். கேரளப் பஞ்சவாத்தியத்தில் வரிசையாக நின்று ஊதும் கொம்புகளும், தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாக்களின் கொம்பும் எக்காளமும் வால்வு காணாதவை. அவற்றுக்கு வேண்டியது வீச்சும் கம்பீரமும், தாளத்தோடு ஒன்றி எழும் முழக்கமும். பியானோவோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லாத கருவிக்குக் கன்னார் பட்டறையின் சுத்தியலே போதுமானது. அதை எந்திரத்துக்கு மாற்றுவதால் விலை குறையலாம், இசைக்கு லாபம் எதுவும் இல்லை.

நவீன ட்ரம்பெட்டில் கையும் எந்திரமும் எப்படிக் கூடிப் போகின்றன என்பதற்கு வின்சென்ட் பாஹ் நல்ல சான்று. 1890இல் வியன்னா அருகே பிறந்தவர், பொறியியல் படித்தவர், ட்ரம்பெட் கலைஞர். 1914இல் அமெரிக்கா வந்தார். முதலில் மவுத்பீஸ் செய்தார், 1920களின் நடுவில் ட்ரம்பெட்டில் இறங்கினார். அளவெடுப்பதில் பொறியாளரின் கறாரும் ஊதிப் பார்ப்பதில் கலைஞரின் செவியும் ஒரே ஆளிடம் இருந்தன. 1961இல் தன் நிறுவனத்தை செல்மர் நிறுவனத்துக்கு விற்றார். சில ஆண்டுகளில் உற்பத்தி நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் வெர்னனிலிருந்து இண்டியானாவின் எல்கார்ட் நகருக்குப் போனது. வரைபடமும் அச்சுக்கோலும் உடன் போயின. ஆனாலும் மவுண்ட் வெர்னன் காலத்துக் கருவிகளுக்கு இன்றும் பழைய கருவிச் சந்தையில் தனி மவுசு.

எல்கார்ட் தொழிற்சாலையில் 2006 ஏப்ரலில் சுமார் 230 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது நீண்டது. புதிய ஆட்களை வைத்து உற்பத்தி தொடர்ந்தது. 2009இல் தொழிற்சங்கமே அங்கீகாரம் இழந்ததோடு போராட்டம் முடிந்தது. எந்த ஆண்டின் கருவி நல்லது, வேலைநிறுத்தத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று வாங்குபவர்கள் இன்றும் விசாரிப்பதில் ஒரு ஆழமான ஒப்புதல் இருக்கிறது. எந்திரம் அங்கேயேதான் இருந்தது. மாறியவை கைகள். நிறுவனத்தின் பெயரை நம்பி வாங்குவதாகச் சொல்பவர்களும் உள்ளூர அந்தக் கைகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கைகளின் கூலியைப் பற்றிய பேச்சு வந்தபோது இசையுலகம் போதுமான அளவு குரல் கொடுக்கவில்லை.

கையா எந்திரமா என்ற கேள்வியை இந்தியாவில் கேட்க வேண்டிய ஊர் மீரட். அங்கே ஜாலி கோட்டி என்னும் பகுதியில் ட்ரம்பெட், யூஃபோனியம், சூசாஃபோன், பியூகிள் எல்லாம் உருவாகின்றன. நாதிர் அலி நிறுவனம் 1885இல் தொடங்கி, முதலில் வெளிநாட்டுக் கருவிகளை வரவழைத்து விற்றது, பிறகு தானே செய்யத் தொடங்கியது. அதைச் சுற்றிச் சிறு பட்டறைகள் பெருகின. வடநாட்டுக் கல்யாண ஊர்வலமும் நம் ஊர் மாதா கோயில் தேர்ப்பவனியின் பேண்டு செட்டும் பல காலமாக இந்த ஊரை நம்பியிருக்கின்றன. தகடு வெட்டுவது, சுருட்டுவது, பற்றவைப்பது, தட்டுவது, மெருகேற்றுவது எல்லாம் பெரும்பாலும் கைவேலை.

கைவேலை உயர்ந்தது என்ற பொதுவிதி உண்மையானால் மீரட் கருவிகள் உலகத்தின் உச்சியில் இருக்க வேண்டும். அப்படி இல்லை. இந்தியாவிலிருந்து போகும் மலிவுக் கருவிகளை மேற்கத்திய ஆசிரியர்களும் பழுதுபார்ப்பவர்களும் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றே: பிஸ்டன் இறுகுகிறது அல்லது கசிகிறது, தகடு மெல்லிசு, பற்று விடுகிறது, சுரங்களுக்கிடையே சுருதி ஒத்துப்போவதில்லை. இதில் கைவினைஞரின் திறமைக் குறைவைத் தேடுவது தவறு. பெல் தட்டத் தெரிந்த அதே கையை, எந்திரமும் அளவுகோலும் கொடுக்காமல், பிஸ்டன் கடையச் சொன்னதன் விளைவு இது. விலையைப் பேரம் பேசி இறக்கும் மொத்த வியாபாரியும், அந்த விலைக்குள் தகட்டை மெலிதாக்கும் முதலாளியும் இதில் பங்காளிகள்.

அதே மீரட் கருவிக்கு உள்நாட்டுச் சந்தையில் ஒரு பெரிய பலம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ஊர்வலத்தில் நசுங்கினால் அக்கம்பக்கத்துப் பட்டறையில் தட்டி எடுத்துவிடலாம். உதிரி பாகம் கிடைக்கும். ஒரு ஊர்ப் பேண்டு மாஸ்டரால் வாங்க முடிகிற விலை. வெயிலிலும் தூசியிலும் மணிக்கணக்காக நடந்து வாசிக்கும் குழுவுக்கு, கச்சேரி அரங்கத்துக்கென்று செய்த நுட்பமான கருவியைவிட இது பயன்படும். தரம் என்பதை அது ஒலிக்கும் இடத்தோடு சேர்த்துத்தான் எடைபோட முடியும்.

இந்த மலிவுச் சந்தைக்கும் இப்போது போட்டி வந்துவிட்டது. இங்கிலாந்தில் சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வந்த பீபோன் என்ற பிளாஸ்டிக் ட்ராம்போன் ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, கீழே போட்டாலும் நசுங்காது, குழந்தைகளின் கைக்கு ஏற்றது. பல பள்ளிகள் அதற்குத் தாவின. பித்தளையின் நிறைவான குரல் அதில் இல்லை. ஆனால் உள்வடிவம் ஒழுங்காக இருந்தால் பிளாஸ்டிக்கிலும் ட்ராம்போன் ஒலிக்கும் என்று காட்டியதன் மூலம் ஸ்மித்தின் வாதத்துக்கு அது கண்கூடான சாட்சியாகிவிட்டது. மலிவு ஒன்றையே நம்பிப் பித்தளைக் கருவி செய்பவர்களுக்கு இது எச்சரிக்கை.

மீரட்டுக்கு வேண்டியது பழம்பெருமைப் பாராட்டும் கைவினைச் சான்றிதழும் மட்டும் இல்லை. பல சிறு பட்டறைகள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொது வால்வுக்கூடம் வேண்டும். நல்ல கடைசல் எந்திரம், ஹோனிங் எந்திரம், கசிவைச் சோதிக்கும் கருவி, உட்குழியைத் துல்லியமாக அளந்து செய்த எஃகு அச்சுக்கோல்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்க எந்தச் சிறு பட்டறைக்கும் வசதி இருக்காது. சேர்ந்து வாங்கினால் முடியும். வால்வுத் தொகுதி துல்லியமாக அங்கிருந்து வந்துவிட்டால், பெல்லைத் தட்டுவதற்கும் பாகங்களை இழுத்துப் பிடிக்காமல் இயல்பாகப் பொருத்துவதற்கும் அந்த ஊரின் கைகள் விடுபடும். மெருகு எந்திரத்தின் தூசி நுரையீரலிலும் ஓயாத சுத்தியல் சத்தம் செவியிலும் இறங்கும் தொழில் இது. முகமூடி, காதடைப்பு, காற்றோட்டம் என்ற செலவுகளைக் கணக்கில் சேர்க்காமல் கைவேலையின் விலையைச் சொல்வது பொய்க்கணக்கு. செய்து முடித்த ஒவ்வொரு கருவியையும் பெட்டியில் வைக்குமுன் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊதிப் பார்க்கும் வழக்கமும் அங்கே வர வேண்டும். உள்ளூர் பேண்டுகளில் வாசித்து வயதான கலைஞர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு வைக்க எந்த எந்திரமும் வாங்க வேண்டியதில்லை.